அரை இஞ்ச் வாட்டம்

போன ஐப்பசியில் என் பொண்ணுக்கு டெங்கு. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மறுநாள், கொசுப்புழு பார்க்கும் அக்கா ஒருவர் வந்தார். சம்ப், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டி எல்லாம் பார்த்தார். ஒன்றுமில்லை. எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு. பிறகு மொட்டை மாடிக்குப் போய், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே டார்ச் அடித்தவர், "சார், இங்க வாங்க" என்றார். ஜன்னல் சன்ஷேடின் மேல், சுவரோரமாக நாலு விரல் அகலத்துக்குத் தண்ணீர். அதில் தலைகீழாகத் தொங்கிய புழுக்கள், வெளிச்சம் பட்டதும் நெளிந்து அடியில் போய் ஒளிந்தன.

சன்ஷேடுக்கு வாட்டம், அதாவது தண்ணீர் வடியும் சரிவு, வெளிப்பக்கம் இருக்க வேண்டும். எங்கள் மேஸ்திரி சுவர்ப்பக்கம் கொடுத்திருக்கிறார். அரை இஞ்ச் தப்பு. அவரை மட்டும் சொல்லி என்ன? டைல்ஸ் கலருக்காக மூன்று கடை ஏறி இறங்கிய நான், சன்ஷேடை ஒரு நாளாவது எட்டிப் பார்த்தேனா?

கொசு என்றாலே நமக்குச் சாக்கடைதான் ஞாபகம் வரும். சாக்கடையும் செப்டிக் டேங்கும் க்யூலெக்ஸ் என்ற கொசு வகைக்கு. யானைக்கால் நோயைப் பரப்புவது அது. டெங்கு பரப்பும் ஏடிஸுக்கு நல்ல தண்ணீர்தான் வேண்டும். சென்னையில் மலேரியா பரப்பும் அனாபிலஸ் ஸ்டீபன்சியும் மொட்டை மாடித் தொட்டியிலும் கிணற்றிலும்தான் முட்டையிடுகிறது. ஆக, மூன்றுக்கும் நம் வீட்டிலேயே இடம் ஒதுக்கிக் கட்டியிருக்கிறோம்.

ஜன்னலுக்கு வலை அடித்தால் தீராதா என்று கேட்பீர்கள். 1900-ல் ரோமுக்குப் பக்கத்தில், ஒஸ்தியா சதுப்பு நிலத்தில், சாம்பன், லோ என்ற இரண்டு மருத்துவர்கள் வலையடித்த மரக்குடிலில் மலேரியா பருவம் முழுக்கத் தங்கிக் காட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் உள்ளே போய்விடுவார்கள், அவ்வளவுதான். காய்ச்சல் அண்டவில்லை. ஆனால் அது ராத்திரியில் கடிக்கும் அனாபிலஸுக்கு. ஏடிஸ் பட்டப்பகலில் கடிக்கிறது, அதுவும் நம் வீட்டிலேயே பிறந்து. வலை அவசியம்தான். எதிரெதிர் ஜன்னல் வைக்காமல் வலையை மட்டும் அடித்தால், சித்திரை வெயிலில் புழுக்கம் தாங்காமல் நாமே அதைத் திறந்துவிடுவோம்.

2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கி, வீட்டுக்கு வீடு பைப் போட வைத்த ஊர் இது. தொட்டியின் ஓவர்ஃப்ளோ குழாய்க்கும் செப்டிக் டேங்க் காற்றுக் குழாய்க்கும் வலை, சம்புக்கு இடுக்கில்லாத மூடி, சன்ஷேடுக்கு வாட்டம். இவற்றையும் அதேபோல் கறாராகக் கேட்டு, வீடு முடிகிறபோது ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் என்ன? குடிவந்த பிறகு வீடுவீடாக டார்ச் அடிப்பதைவிட அது சுலபம்.

தண்ணீரை வாரி இறைத்தால் மட்டும் போதாதாம். ஒட்டியிருக்கும் ஏடிஸ் முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் அடுத்த மழைக்குப் பொரிக்கும். பிரஷ் போட்டுத் தேய்க்கச் சொன்னார் அந்த அக்கா. தேய்த்தேன். அப்புறம் மேஸ்திரி வந்து வாட்டத்தைத் திருப்பிப் பூசினார். அரை நாள் வேலை.

பக்கத்து வீட்டு சன்ஷேடும் அவர் போட்டதுதான். அவர்கள் இன்னும் ஊரிலிருந்து வரவில்லை.