ஹூஸ்டன் விபத்துல என்ஜின் நிக்கல

மேல ஒருத்தர் 2016 ஜூன்ல ஹூஸ்டன் ஹாபி ஏர்போர்ட் பக்கத்துல விழுந்த சின்ன விமானத்த பத்தி, "என்ஜின் நின்னு போச்சு, பைலட் மேல தப்பே இல்ல"ன்னு போட்டிருக்காரு. அது சரியில்லங்க. அமெரிக்காவுல விமான விபத்துகள விசாரிக்கிற அரசு அமைப்பான என்டிஎஸ்பியோட விசாரணை சொன்ன காரணமே வேற.

அது சிர்ரஸ் எஸ்ஆர்20, உள்ள 3 பேர். பின்னாடி வேகமா ஒரு போயிங் 737 வந்துச்சு, அதனால முதல் தடவை ஏர்போர்ட் கன்ட்ரோல் டவரே இறங்காம மேல ஏறச் சொன்னாங்க, அப்புறம் 35ஆம் ரன்வேக்கு மாத்தி விட்டாங்க, அங்க ரெண்டு தடவை வந்தப்பவும் உயரம் ஜாஸ்தியா இருந்ததால இறக்க முடியல, திரும்ப மேல ஏறும்போதுதான் போதுமான வேகம் வர்றதுக்கு முன்னாடியே றெக்கையில இருக்குற ஃப்ளாப்ப மடக்கிட்டாங்க. கம்மி வேகத்துல றெக்கைக்கு தூக்குற சக்திய கூட்டிக் கொடுக்குறதே அந்த ஃப்ளாப்தான். அத மடக்கிட்டு விமானத்த வளைச்சுத் திருப்பவும் செஞ்சா ஸ்டால் ஆகி, அதாவது றெக்க தூக்குற சக்திய இழந்து, சுத்திக்கிட்டே கீழ வந்துரும். சிர்ரஸ்ல விமானத்தையே தாங்குற பாராசூட் உண்டு, ஆனா அது முழுசா விரியவும் உயரம் வேணுமே. 3 பேருமே போயிட்டாங்க.

அதுக்காக முழு பழியையும் பைலட் தலையில கட்டுறதும் நியாயமில்ல. அவ்வளவு பரபரப்பான ஏர்போர்ட்ல டவர்காரங்க அவங்கள திரும்பத் திரும்ப சுத்த விட்டதும், முக்கியமான நேரத்துல குழப்பமா உத்தரவு கொடுத்ததும் விபத்துக்குத் துணைபோன காரணங்கள்னு அதே அறிக்கையில இருக்கு. தயவுசெஞ்சு அந்த என்ஜின் கதைய மட்டும் எடுத்துருங்க.