போன் படிச்சுச் சொல்லுமாம்

அந்த வீடியோவை நேற்றிலிருந்து பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். போதும். "இனி எழுதப் படிக்கத் தெரியாட்டியும் பிரச்சினை இல்ல, போனே படிச்சுச் சொல்லிடும்" என்கிறார் அந்த அண்ணன். அரங்கமே கைதட்டுகிறது. தட்டியவர்கள் எல்லோரும் படித்தவர்கள்.

யாருடைய போன் படித்துச் சொல்லும்? என் பெரியம்மாவிடம் இருப்பது பட்டன் போன்.

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் வந்தபோது எங்கள் ஊரிலும் சாயங்கால வகுப்பு நடந்தது. அம்மா போனார். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார். பெரியம்மா ஆடு, அடுப்பு, பிள்ளைகள் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். அவ்வளவுதான் இருவருக்கும் வித்தியாசம். இன்று ரேஷனில் வாங்காத பருப்பை வாங்கியதாகக் குறுஞ்செய்தி வந்தால் அம்மா அன்றைக்கே கடைக்குப் போய்ச் சண்டை போடுவார். பெரியம்மாவுக்கு வரும் குறுஞ்செய்தி வெறும் 'டிங்' சத்தம்.

"படிச்சவனும்தான் ஓடிபி சொல்லி ஏமாறுறான்" என்று வருவீர்கள். சரி, ஏமாறுகிறான். ஆனால் எதில் ஏமாந்தோம் என்று மறுநாளாவது படித்துத் தெரிந்துகொள்கிறான். "பழைய காலத்துப் பேச்சு, இப்ப யாரு கைநாட்டு வைக்கிறா?" என்று ஒரு நண்பர் சிரிப்பு பொம்மை போட்டிருக்கிறார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களின் எழுத்தறிவு 73.44 சதவீதம். மீதி நான்கில் ஒருத்தியை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள்? என் வீட்டில் ஒருத்தர் இருக்கிறார், வந்து பாருங்கள்.

குழுக் கடனில் "இது இன்சூரன்ஸ் தாள்" என்று சொல்லி அவரிடம் கைநாட்டு வாங்கினார்கள். அது அவர் பெயரில் இரண்டாவது கடன். பணம் போனது வேறொருவர் கைக்கு. வாரம் 620 ரூபாய் தவணை கேட்டு வாசலில் வந்து நின்றபோதுதான் அவருக்கே தெரியும். அதற்கும் "விவரம் இல்லாத பொம்பள" என்று பெயர் வாங்கியது அவர்தான், மை தடவி விரலைப் பிடித்து அழுத்தியவர்கள் அல்ல. எழுத்து வேண்டாம் என்று சொல்ல எழுத்துத் தெரிந்தவனுக்குத்தான் வாய் வருகிறது.

நான் ஏன் இவ்வளவு கோபப்படுகிறேன் என்று கேட்டிருந்தீர்கள். அந்தத் தாளின் நகலைப் பொங்கலுக்குப் போயிருந்தபோது பெரியம்மா என்னிடம் கொண்டுவந்தார். "தம்பி, இதுல என்ன போட்டிருக்குன்னு பாரேன்." தமிழில்தான் இருந்திருக்கிறது. நான் இதே முகநூலில் யாரிடமோ வாக்குவாதம் செய்துகொண்டிருந்தேன். "அப்புறம் பார்க்கிறேன் பெரியம்மா" என்றேன். அவரும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.