கைகட்டி நிற்பவர் செய்யும் வேலை

மும்பையில் எங்கேனும் பெரிய தீ விபத்து நேர்ந்தால், சிறிது நேரத்துக்குள் அதன் காணொளி நம் வாட்ஸ்அப் குழுக்களுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. சயான், மாட்டுங்கா, செம்பூர் பகுதித் தமிழர்களின் குழுக்கள் சிலவற்றில் நானும் இருக்கிறேன். அந்தக் காணொளிகளில் பெரும்பாலும் ஓர் அதிகாரி வண்டியருகே வாக்கி டாக்கியுடன் மேலே பார்த்தபடி நின்றுகொண்டிருப்பார். "பசங்க உள்ளே வேகறாங்க, சார் வெளியே வேடிக்கை பார்க்கிறார்" என்று உடனே ஒருவர் எழுதுவார். அதற்குக் கீழே இருபது பேர் கட்டைவிரல் உயர்த்துவார்கள். அந்தேரியில் ஒரு வணிகக் கட்டடத்தின் தீப்பாதுகாப்புப் பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்: அவர் நின்று பார்ப்பதுதான் அங்கே நடக்கும் வேலைகளில் மிகக் கடினமானது. நம் ஊரில் அந்த வேலைக்கு உரிய இடத்தை நாம் கொடுக்கவில்லை என்பதே என் வருத்தம்.

தீப்பிடித்த இடத்தில் முதலில் வந்து இறங்கும் வண்டியின் பொறுப்பாளர், அவர் எந்தப் பதவியில் இருந்தாலும், அந்தக் கணத்திலிருந்து களத்தின் தலைவர். எங்கே தண்ணீர் அடிப்பது, யாரை உள்ளே அனுப்புவது, யாரை வெளியே வரச் சொல்வது எல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும். 1970இல் கலிஃபோர்னியாவைச் சுட்டெரித்த காட்டுத்தீக்களில் பல துறைகள் ஒன்றுக்கொன்று தெரியாமல் வேலை செய்ததைப் பார்த்த பிறகு அமெரிக்கர்கள் வகுத்த முறையின் அடிப்படை இது. நம் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் இதே அமைப்பைத்தான் இந்திய நிர்வாகத்துக்கு ஏற்பத் தந்தன. ஒரு மனிதருக்கு ஒரே மேலாளர். ஒரு மேலாளரின் கீழ் மூன்று முதல் ஏழு பேர், ஐந்து பேர் என்றால் உத்தமம். ஆபத்தான செயலைக் கண்டால் நிறுத்தச் சொல்லும் பாதுகாப்பு அலுவலர் ஒருவருக்கும் இதில் தனி இடம் உண்டு. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது.

சிக்கல், பெரிய அதிகாரி வந்து இறங்கும்போது தொடங்குகிறது. மும்பைத் தீயணைப்புப் படையில் தீயின் அளவைப் பொறுத்து லெவல்-1, லெவல்-2 என்று அறிவிப்பு உயர உயர, கூடுதல் வண்டிகளோடு கூடுதல் அதிகாரிகளும் வருவார்கள். வந்தவர் என்ன செய்யவேண்டும்? சீருடைத் துறைகளில் வளர்ந்த நமக்கு விடை தானாகவே வருகிறது: மூத்தவர் வந்தார், இனி அவர் சொல்வதே சட்டம். ஆனால் அவர் வாய் திறப்பதற்கும் இளையவர் வாய் மூடுவதற்கும் இடையில் சில நிமிடங்கள் யார் சொல்வதும் சட்டமில்லாமல் போகின்றன. ஐந்து பெரியப்பாக்கள் பந்தியைப் பார்த்துக்கொள்ளும் கல்யாண வீட்டில் கடைசி வரிசைக்குச் சாம்பார் வந்ததா என்று யாருக்கும் தெரியாது. இங்கே கடைசி வரிசையில் இருப்பவர் நான்காம் மாடியில் புகைக்குள் இருக்கிறார்.

பிரிட்டனின் தீயணைப்புத் துறைகள் இதற்கு ஒரு தெளிவான வழி வைத்திருக்கின்றன. மூத்த அதிகாரி களத்துக்கு வருவதாலேயே தலைமை அவரிடம் போய்விடாது. அவர் முதலில் கண்காணிப்பவராக மட்டுமே நிற்கலாம்: களத் தலைவர் வகுத்த திட்டம் தீயின் போக்குக்குப் பொருந்துகிறதா, உள்ளே போனவர்களின் கணக்கு சரியாக இருக்கிறதா, ஒரே ஆளின் தோளில் பத்துப் பொறுப்புகள் ஏறிவிட்டனவா என்று பார்ப்பது அவர் வேலை. தேவைப்பட்டால் காதோடு ஆலோசனை சொல்லலாம். அதுவும் போதாதென்றால் தலைமையை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அப்போது இதுவரை நடந்தது என்ன, இப்போது நடப்பது என்ன, அடுத்து என்ன என்பதை முறையாகக் கேட்டு வாங்கி, பொறுப்பு மாறியதை வாக்கி டாக்கியில் எல்லோரும் அறிய அறிவித்து, நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். இதில் ஒரு கொக்கியும் உண்டு. கண்காணிக்க வந்தவர் கண்ணெதிரே தவறு நடந்து, அவர் பேசாமல் இருந்தால், "நான் பார்க்கத்தான் வந்தேன்" என்று பிறகு கழன்றுகொள்ள முடியாது.

எங்கள் கட்டடத்தில் நடந்த ஒரு தீத்தடுப்புப் பயிற்சியின்போது இதை அருகிலிருந்து பார்க்க வாய்த்தது. கீழ்த்தளத்தில், அலாரம் பெட்டியின் பக்கத்தில், இளம் நிலைய அதிகாரி ஒருவர் சிறிய வெள்ளைப் பலகையில் மார்க்கரால் எழுதிக்கொண்டிருந்தார்: மூச்சுக்கருவி மாட்டி உள்ளே போனவரின் பெயர், அவருடைய காற்று உருளையின் அழுத்தம், போன நேரம். பின்னால் வந்து நின்ற மூத்த அதிகாரி எதுவும் பேசவில்லை. எங்கள் செக்யூரிட்டி சூப்பர்வைசர் பழக்கத்தில் அவரிடம் ஓடிப்போய், "சாப், லிஃப்டை நிறுத்திவிடலாமா?" என்று இந்தியில் கேட்டபோது, அவர் கையை நீட்டி இளையவரைக் காட்டிவிட்டு மறுபடியும் பலகையையே பார்த்தார். சற்று நேரம் கழித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மூன்றாவது பெயருக்கு எதிரே வெளியே வரவேண்டிய நேரம் இல்லையே?" இளையவர் திடுக்கிட்டு நிரப்பினார். உருளையில் இருக்கும் காற்று ஏறத்தாழ அரை மணி நேரத்துக்கு வரும். படியேறி மூச்சு வாங்க வேலை செய்பவருக்கு அதைவிடக் குறைவு. தண்ணீர், ஏணி, வாக்கி டாக்கி, கூட்டம் என்று நாலு பக்கமும் இழுபடும் ஒருவர் அந்த ஒரு காலி இடத்தைக் கவனிக்காமல் போவது இயல்பு. கவனிப்பதற்கென்றே இன்னொருவர் நின்றார், அவ்வளவுதான்.

நம் ஊரின் வரலாறே இதற்குப் பாடம். 1944 ஏப்ரல் 14 அன்று மும்பைத் துறைமுகத்தின் விக்டோரியா டாக்கில் ஃபோர்ட் ஸ்டிகீன் கப்பல் தீப்பிடித்தபோது, அதில் பஞ்சு மூட்டைகளோடு ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளும் இருந்தது. கப்பல் தலைவர், தீயணைப்புத் தலைவர், துறைமுக அதிகாரி, வெடிபொருள் தெரிந்த ராணுவ அதிகாரி என்று பலரும் அங்கே இருந்தார்கள். இருந்த இடத்திலேயே மூழ்கடிப்பதா, வெளியே இழுத்துச் செல்வதா என்ற கேள்விக்கு ஒவ்வொருவரிடமும் ஒரு கருத்து இருந்தது. எல்லோரையும் கட்டுப்படுத்தும் முடிவை யாரும் எடுக்கவில்லை. தண்ணீர் மட்டும் இடைவிடாமல் பாய்ந்தது. மாலை 4.06க்குக் கப்பல் வெடித்தது. இறந்தவர்களில் 66 பேர் தீயணைப்பு வீரர்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் நாம் கடைப்பிடிக்கும் தீயணைப்பு வாரம் அவர்களுடைய நினைவுக்குத்தான். பேட்ஜ் குத்திக்கொள்ளும் பள்ளிப் பிள்ளைகளிடம் அவர்களின் வீரத்தைச் சொல்கிறோம். தலைமை இல்லாமல் போனதைச் சொல்வதில்லை.

2015 மே 9 அன்று கால்பாதேவியில் பழைய கட்டடம் ஒன்று தீப்பற்றி இடிந்த விபத்தில் மும்பைப் படை நான்கு அதிகாரிகளை இழந்தது. அவர்களில் தலைமைத் தீயணைப்பு அதிகாரி சுனில் நேசரிக்கரும் துணைத் தலைமை அதிகாரி சுதிர் அமீனும் இருந்தனர். அவர்களுடைய துணிச்சலைக் குறைத்துப் பேச எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. ஆயினும் ஒரு நகரத்தின் படைத்தலைவரும் அவருக்கு அடுத்தவரும் ஒரே கட்டடத்தின் ஆபத்து வட்டத்துக்குள் இருந்தார்கள் என்பதை நாம் பெருமையாக மட்டுமே பேசிக்கொண்டிருப்பது எனக்கு உறுத்துகிறது. "தலைவன் என்றால் முன்னால் போகவேண்டும்" என்று அவர்களிடம் எதிர்பார்த்தவர்களில் நாமும் அடக்கம். சுவர் வெடிப்பதையும் தரை இறங்குவதையும் வெளியிலிருந்து பார்க்க ஒருவர் நின்றால் நாம்தான் காணொளி எடுக்கிறோம்.

எல்லாவற்றையும் கண்காணிப்பு தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பிரிட்டனிலேயே, 2017 ஜூன் 14 அன்று லண்டனின் கிரென்ஃபெல் கோபுரம் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் பற்றிய தீயால் 72 பேர் இறந்தார்கள். நள்ளிரவு 12.54க்கு முதல் அழைப்பு வந்தது. "வீட்டுக்குள்ளேயே இருங்கள்" என்ற அறிவுரையை 1.30க்கும் 1.50க்கும் இடையில் கைவிட்டிருக்க வேண்டும் என்று விசாரணை அறிக்கை கூறியது; கைவிடப்பட்டது 2.47க்கு. தொடக்கத்தில் தலைமை தாங்கியவர்கள் ஒப்பீட்டளவில் இளநிலை அதிகாரிகள். வெளிச்சுவரே எரியும் கட்டடத்துக்கு அவர்களுக்கும் பயிற்சி இல்லை, அவர்களுக்கு மேலிருந்தவர்களுக்கும் இல்லை. சிக்கியவர்களைப் பற்றிய செய்திகள் துண்டுக் காகிதங்களில் கைமாறிப் போயின. நின்று பார்ப்பவருக்கு எதைப் பார்க்கவேண்டும் என்று தெரியாவிட்டால், அல்லது பார்ப்பதற்குத் தகவலே வராவிட்டால், அவர் நிற்பதில் பயனில்லை. கண்காணிப்பவருக்குத்தான் களத் தலைவரைவிட ஆழமான பயிற்சி தேவை என்பது என் துணிபு.

ஆள் பற்றாக்குறை இருக்கும் படையில் நிற்பதற்கென ஓர் அதிகாரியா என்று ஒரு நண்பர் கேட்டார். லெவல் உயர்ந்தால் அந்த அதிகாரி எப்படியும் வருகிறார். வந்தவர் குழாயைப் பிடிக்கப்போவதில்லை, கட்டளையிடப் போகிறார். அந்தக் கட்டளை எப்போது, எந்த வழியில் என்பதை முறைப்படுத்துவதற்குப் புதிய பணியிடம் எதற்கு? களத் தலைவர் யார் என்று தூரத்திலிருந்தே தெரியும்படி ஒரு மேலங்கி, பொறுப்பு மாறும் நேரத்தை எழுத ஒரு பதிவேடு. இரண்டுக்கும் ஆகும் செலவு ஒரு ஏணி வண்டியின் டயருக்குக் கூட ஈடாகாது.

நம் பக்கத்திலும் வேலை இருக்கிறது. மகாராஷ்டிராவின் 2006ஆம் ஆண்டுத் தீத்தடுப்புச் சட்டத்தின்படி ஒவ்வொரு ஜனவரியிலும் ஜூலையிலும் அடுக்குமாடிக் குடியிருப்புச் சொசைட்டிகள் படிவம் 'பி' என்ற சான்றிதழை வாங்குகின்றன. குழாயும் பம்பும் அலாரமும் சரியாக இருக்கின்றன என்று அது சொல்லும். தீ அன்று வாசலில் நின்று, எந்த மாடியில் படுத்த படுக்கையான முதியவர் இருக்கிறார், எரிவாயு வால்வு எங்கே, மொட்டைமாடிச் சாவி யாரிடம் என்று களத் தலைவர் ஒருவரிடம் மட்டும் சொல்லப்போவது யார் என்று அது கேட்பதில்லை. சேர்மன், செக்ரட்டரி, அரசியல்வாதியின் ஆள் எல்லோரும் கண்ணில் பட்ட முதல் அதிகாரியைச் சூழ்ந்து பேசுவார்கள். அவர் கண்காணிக்க வந்தவராக இருந்தால் அவருடைய கண்ணை நாமே மறைத்துவிடுவோம். அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் பெயிண்ட் காண்டிராக்ட் பேச்சு தொடங்குவதற்கு முன், அந்த ஒருவரின் பெயரையும் அவர் ஊரில் இல்லாதபோது நிற்கப்போகும் மாற்று ஆளின் பெயரையும் தீர்மானமாக எழுதி, வாட்ச்மேன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள்.