ஆறரை அடி பெட்டிலும் ஃபிஃப்த் வீல் இழுக்கலாம்

ஃபிஃப்த் வீல் டிரெய்லர் (டிரக்கின் பெட்டுக்குள் மாட்டி இழுக்கும் பெரிய டிரெய்லர்) இழுக்க 8 அடி பெட் (சரக்கு ஏற்றும் திறந்த பின்பகுதி) உள்ள பிக்கப் டிரக்தான் வேண்டும், ஆறரை அடி உதவவே உதவாது என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லைங்க. அமெரிக்காவில் ஆறரை அடி பெட்டோடு இழுப்பவர்கள் நிறையப் பேர். 8 அடி வசதிதான், ஆனால் கட்டாயமில்லை.

வண்டியை நன்றாக ஒடித்துத் திருப்பும்போது டிரெய்லரின் முன்மூலை டிரக் கேபினின் பின்பக்கத்தில் இடிக்குமா, அதைத்தான் பார்க்க வேண்டும். டேப் எடுத்து ஹிட்ச் (டிரெய்லரை மாட்ட பெட்டில் பொருத்தியிருக்கும் இணைப்பு) நடுவிலிருந்து கேபின் வரை அளந்து பாருங்கள், அப்புறம் டிரெய்லரில் கிங்பின்னிலிருந்து (ஹிட்சில் போய் மாட்டும் முளை) முன்மூலை வரை. இரண்டாவது அளவு பெரிதென்றால் இடிக்கும். டிரெய்லர் அகலம் 8 அல்லது எட்டரை அடி, அதில் பாதியே 48 முதல் 51 அங்குலம் வந்துவிடும், ஆறரை அடி பெட்டில் ஹிட்சுக்கு முன்னால் அவ்வளவு இடம் பெரும்பாலும் இருக்காது. அதற்காகத்தான் ஸ்லைடர் ஹிட்ச் இருக்கிறது: ரிவர்ஸ் எடுக்கும்போது கிங்பின்னைப் பின்னால் தள்ளிக்கொள்ளலாம். முன்மூலையை வளைத்துக் கட்டிய டிரெய்லர்கள் சிலவற்றுக்கு அதுகூடத் தேவைப்படாது.

வாங்கும் முன் காலி இடத்தில் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி, மெதுவாக ஒடித்துப் பாருங்கள். இடைவெளி ஒரு சாண் ஆனதும் கையைக் காட்டச் சொல்லுங்கள்.