போன் அப்பாவோடது, பார்க்கிறது பிள்ளை

"பிள்ளைங்க போன்ல கண்டதையும் பார்க்குதுங்க"ன்னு யாராவது புலம்பிப் பதிவு போட்டா, கீழே ஒருத்தர் வந்து "ஃபேமிலி லிங்க் போடுங்க சார்"னு சொல்லிட்டுப் போயிடுறார். போடலாம். பிள்ளை போன்ல எதைப் பார்க்கலாம், எவ்வளவு நேரம் பார்க்கலாம்னு பெத்தவங்க கட்டுப்படுத்த 2017ல கூகுள் கொண்டுவந்த நல்ல வசதிதான். அடுத்த வருஷமே ஆப்பிளும் ஐபோனுக்கான ஐஓஎஸ் 12ல அதே மாதிரி ஸ்கிரீன் டைம் கொடுத்துச்சு. ஆனா ரெண்டுமே பிள்ளைக்குன்னு தனி போன் இருக்கிற வீட்டுக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டை.

நம்ம ஊர்ல முக்கால்வாசி வீட்டுக் கதை வேற. அப்பா வேலை முடிஞ்சு வந்ததும் அவர் போன் பிள்ளை கைக்குப் போயிடும். கேட்டா, கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஹோம்வொர்க் வந்திருக்காம். அதே போன்லதான் அவர் சேர்ந்திருக்கிற டெலிகிராம் சேனல் எல்லாம் இருக்கு. நடுராத்திரி அவர் நின்னு பார்த்த ரீல்ஸை வச்சு, அடுத்து எதைக் காட்டலாம்னு இன்ஸ்டாகிராம் முடிவு பண்ணி வச்சிருக்கு. போனுக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான்: கையில வச்சிருக்கிறவருக்கு நாற்பது வயசு.

ப்ளே ஸ்டோர்ல பின் நம்பர் போட்டு வயசு வரம்பு வைக்கலாமேன்னு கேட்பீங்க. அது புதுசா இறக்குற ஆப்பைத்தான் தடுக்கும், ஏற்கெனவே போன்ல இருக்கிறதைத் தொடாது. நம்ம 2021 ஐடி விதிகள்படி ஓடிடிக்காரங்க 13 வயசுக்கு மேற்பட்டவங்களுக்கான படங்களுக்குப் பூட்டு வசதி தரணும். சரி, ஒவ்வொரு ஆப்பா உள்ளே போய் யார் பூட்டிக்கிட்டு இருக்கிறது?

அமெரிக்காவுல 2025 மார்ச்ல யூட்டா மாநிலம் ஒரு சட்டம் போட்டுச்சு. வயசைச் சரிபார்த்து ஆப்புக்குச் சொல்றது ஆப் ஸ்டோரோட பொறுப்பு. அதே வருஷம் கலிபோர்னியா இன்னும் ஒரு படி கீழே இறங்கி, போனை முதல்ல செட் பண்ணும்போதே வயசைக் கேட்டு வச்சுக்க, ஆப்புகளுக்கு எந்த வயசுப் பிரிவுன்னு மட்டும் சொல்லுன்னு சட்டம் கொண்டுவந்திருக்கு. 2027ல அமலுக்கு வருது. எனக்கு இந்தத் திசை பிடிச்சிருக்கு. ஆப்புக்கு ஆப்பு ஆதாரை நீட்டுறதைவிட இது எவ்வளவோ மேல். ஆனா இங்கேயும் ஒரு போனுக்கு ஒரே ஆள்ங்கிற கணக்குதான்.

நான் கேட்கிறது சின்ன விஷயம். மேலிருந்து இழுத்தா டார்ச் பட்டன் வருதே, அதுக்குப் பக்கத்துல "பிள்ளை கையில்"னு ஒரு பட்டன். அதைத் தட்டிட்டுக் கொடுத்தா, திறக்கிற ஒவ்வொரு ஆப்புக்கும் "இப்போ பார்க்கிறது சின்னப் பையன்"னு போனே சொல்லணும். ஒரே ஆப்புக்குள்ள பூட்டுற வசதி ஆண்ட்ராய்டுல 2014லேருந்து இருக்கு, ஆனா பூட்டினது யூடியூப்னா உள்ளே ஓடுறது அப்பாவோட யூடியூப்தான். சாம்சங்ல கிட்ஸ் மோடும் இருக்கு. அது எல்கேஜி பிள்ளைக்கான பொம்மை உலகம், எட்டாவது படிக்கிறவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

முக்கியமா, அதிலேருந்து வெளியே வர பின் நம்பர் கேட்கவே கூடாது. பின் மறந்துபோனா அப்பா கேட்கிறதே அந்தப் பிள்ளைகிட்டதான். விரல் ரேகை வைக்கலாம்னா, அந்தப் போன்ல பிள்ளையோட கட்டைவிரலும் எப்பவோ பதிஞ்சிருக்கும்.