செற்றிக்கு அடியில் நாலு நாள்

தெருநாயை வீட்டுக்குக் கூட்டிவந்த ஐந்தாம் நாள் "இது சரிவராது, திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடுவோம்" என்று சொன்ன ஆள் நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஏனென்றால் போன கிழமை ஒரு நண்பர் அதே கதையோடு தொலைபேசி எடுத்தார். "சாப்பாடு போடுறன், மெத்தை வாங்கிப் போட்டன், என்னைக் கண்டால் இன்னும் பதுங்குது. நன்றி கெட்ட நாய்" என்கிறார். எத்தனை நாளாயிற்று என்று கேட்டேன். நாலு நாளாம்.

நாலு நாளில் நன்றியா!

எங்கள் சுது கொழும்பு வெள்ளவத்தையில் ஓட்டோக்கள் நிற்கும் ஒரு முடக்கில் வளர்ந்தவள். வெள்ளையாக இருந்ததால் ஓட்டோ அண்ணன்மார் சிங்களத்தில் வைத்த பெயர் அது. வீட்டுக்கு வந்ததும் நாங்கள் 'லில்லி' என்று மாற்றிப் பார்த்தோம். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வீடு, மணம், சாப்பாடு, நித்திரை கொள்ளும் இடம் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டுப் பெயரையும் பறிக்கப் பார்த்திருக்கிறோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

தெருநாய்க்கு ஒன்றும் தெரியாது, நாம்தான் பழக்க வேண்டும் என்று நினைப்பது பெரிய பிழை. கடற்கரை ரயில் வருவதற்கு முன்பே காதை நிமிர்த்தி, தண்டவாளத்தை விட்டு விலகி நிற்கத் தெரிந்தவள் இவள். எந்தக் கடைக்காரர் எலும்பு போடுவார், எவர் தண்ணீர் ஊற்றுவார் என்பதெல்லாம் அத்துப்படி. அந்த அறிவு ஒன்றும் எங்கள் மூன்றாம் மாடியில் உதவவில்லை. பளிங்குத் தரையில் நாலு கால்களும் நாலு பக்கம் வழுக்கின. தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியைப் பார்த்து நடுங்கினாள். செற்றிக்கு அடியில் போய்ப் படுத்தவள் நாலு நாளும் இரவில் மட்டும்தான் வெளியே வந்தாள்.

நான் சும்மா இருந்தேனா? வந்த அன்றே குளிப்பாட்டினேன். அடுத்த நாள் மச்சாள் குடும்பமே பிள்ளைகளோடு பார்க்க வந்தது. குனிந்து குனிந்து கையை நீட்டினோம். அவள் கொட்டாவி விட்டாள். நித்திரை வருகிறதாக்கும் என்று தலையைத் தடவப் போனேன். உறுமினாள். பயந்த நாய் கொட்டாவி விடும், மூக்கை நக்கும், வெள்ளை விழி தெரியக் கடைக்கண்ணால் பார்க்கும் என்று மிருக வைத்தியர் பிறகுதான் சொன்னார். உண்ணிக்கு மருந்து தந்துவிட்டு, "குளிப்பாட்ட அவசரம் இல்லை, ஆளை விடுங்கோ" என்றார்.

விட்டோம். நான் தரையில் முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் வாசித்தேன், அவ்வளவுதான். ஆறாம் நாள் பின்னங்கையில் ஈரமாக ஒரு மூக்குப் பட்டது. திரும்பாமல் இருக்க நான் பட்ட பாடு!

மூத்திரக் கதை வேறு. மண்ணில் போய்ப் பழகியவள் பளிங்கில் போக மாட்டாள். அடக்கி அடக்கிக் கடைசியில் கால்மிதியில் போனாள். ஏசிப் பயனில்லை, ஏசினால் மறைவாகப் போகப் பழகும். நித்திரையால் எழும்பியதும், சாப்பிட்டதும் உடனே கீழே கூட்டிப்போனோம். கால்மிதியை வினாகிரி கலந்து கழுவினோம், மணம் இருந்தால் அதே இடத்தைத் தேடும்.

பக்கத்து வீட்டு மாமி வைரவர் கோயிலில் அவரின் நாய் வாகனத்தைத் தொட்டுக் கும்பிடுகிறவர், எங்கள் வீட்டுக்குள் நாய் வந்ததை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. பிறகு அவரே மிஞ்சின கறியும் சோறும் கொண்டுவரத் தொடங்கினார். வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும், வெந்த கோழி எலும்பு உடைந்து குடலைக் குத்தும் என்றேன். "ரோட்டில கிடந்து எல்லாம் திண்டதுதானே, இப்ப என்ன புதுசா?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் ரோட்டில் தின்றுவிட்டுச் செத்தவற்றை நாம் எண்ணுவதில்லையே.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுப்பிடிக்காதீர்கள். விசர்நாய்க்கடிக்கென்று 1893இலேயே சட்டம் போட்ட நாடு இது. முதல் கிழமையிலேயே தடுப்பூசி போடுங்கள். போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது, சில கிழமை பிடிக்கும். அதற்கிடையில் கடியோ கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டு நாய்தானே என்று இருக்க வேண்டாம்.

கதவும் கவனம். இரண்டாம் கிழமை கழுத்துப்பட்டியை உருவிப்போட்டு ஓடியவளை அதே ஓட்டோ முடக்கில்தான் கண்டுபிடித்தோம். சாரதி ஒருவர் பாண் துண்டைக் காட்டிப் பிடித்துத் தந்தார். அதன் பிறகு நெஞ்சைச் சுற்றிக் கட்டும் பட்டிதான்.

ஏழு மாதமாகிவிட்டது. ஏப்ரலில் சித்திரை வருஷத்து வெடிக்குக் குளியலறையில் ஒளித்தாள். கதவைத் திறந்தே விட்டோம். இப்போது செற்றிக்கு மேலேதான் படுக்கை, எனக்குத்தான் இடமில்லை. பின்னேரம் பாட்டுப் போட்டுக்கொண்டு பாணும் பணிஸும் விற்கவரும் சூன் பாண் ஓட்டோவின் சத்தம் கேட்டால் மட்டும் துள்ளி எழும்பி பல்கனிக் கம்பிக்குள் மூக்கை விடுவாள். அந்த ஓட்டோக்காரர் முன்பு மிஞ்சின பணிஸ் போட்டிருக்கிறார் போல. நான் ஓடிப்போய் ஒன்று வாங்கிவருவேன். மீன் வைத்த மாலு பாணில் வெங்காயம் இருப்பதால் அது எனக்கு. வெறும் பணிஸின் ஓரத்துண்டு அவளுக்கு.