யுவியைட்டிஸ்: சொட்டு மருந்தை நிறுத்தச் சொல்லும் செய்தி தவறு

“யுவியைட்டிஸ் என்ற கண் அழற்சி, எதிர்ப்புச் சக்தி குறைந்ததால் வருகிறது, ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நிறுத்திவிட்டு எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுங்கள்” என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் ‘தன்னுடல் தாக்கு’ வகையில் நடப்பது இதற்கு ஏறக்குறைய நேர்மாறானது.

எதிர்ப்புச் சக்தியின் வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்கள், குறிப்பாக அவற்றின் டி.எச்.1, டி.எச்.17 பிரிவுகள், விழித்திரையின் சொந்தப் புரதங்களையே பகையென்று எண்ணிக் கண்ணுக்குள் நுழைகின்றன; மேக்ரோபேஜ் (விழுங்கணு) போன்ற மற்ற வெள்ளணுக்களையும் வரவழைக்கின்றன. மருத்துவர், கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவி வழியே பார்த்தால், கண்ணின் முன்னறைத் திரவத்தில், வெயில் கீற்றில் மிதக்கும் தூசியைப் போல வெள்ளணுக்கள் தெரியும். (வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வெறும் சிவந்த கண்தான்.)

ஸ்டீராய்டு இந்தப் படையெடுப்பை அடக்குகிறது. கண் அழுத்தம், கண்புரை ஆகிய பக்கவிளைவுகள் உண்மைதான். அதற்கு அஞ்சி நாமாக நிறுத்தினால் அழற்சி திரும்பி, பார்வையையே பறிக்கலாம். அளவை மருத்துவர்தான் படிப்படியாகக் குறைப்பார். 2016-இல் தொற்றில்லா யுவியைட்டிஸுக்கு அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. ஒப்புதல் தந்த அடாலிமுமாப் மருந்தும் எதிர்ப்பாற்றலை அடக்குவதுதான்.

தொற்றால் வரும் வகைக்குச் சிகிச்சை வேறு. அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனத்தின் இணையதளத்தில் யுவியைட்டிஸ் பக்கத்தைப் பார்த்துச் சரிபார்க்கலாம். அச்செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.